வெள்ளோட்டத்துக்கு ஒரு துணை

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் எங்கள் திருவண்ணாமலையில் அருணாசலேசுவரர் ஆலயத்து மகா ரதம் பழுது பார்க்கப்பட்டு வெள்ளோட்டம் விடப்பட்டது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று மாட வீதிகளைச் சுற்றி வரும் பெரிய தேர் அது. வெள்ளோட்டத்தன்று தேரில் சுவாமி எழுந்தருளுவது இல்லை. சக்கரம் உருள்கிறதா, அச்சு தாங்குகிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்றெல்லாம் பார்த்துத் திருப்தியடைந்த பிறகுதான் சுவாமியை ஏற்றுவார்கள்.

தேர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கலசத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கோ சக்கரத்தின் அருகே குனிந்தபடி ஓடும் மனிதர்களைப் பார்ப்பதில்தான் ஆசை. கையில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டு, அதைச் சரியான கணத்தில் சரியான இடத்தில் சக்கரத்தின் கீழ் கொடுப்பவர்கள் அவர்கள். "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் பேச்சில் சொன்னால், காரியத்தைக் கெடுக்கிறான் என்று அர்த்தம். தேரடியிலோ அந்த முட்டுக்கட்டை இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் போய் ஏறும் என்று சொல்ல முடியாது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை நான் மறுபடி நினைத்துப் பார்க்கும்படியான சந்தர்ப்பம் ஒன்று பிற்பாடு வந்தது. ஆனால் அது தேர் விஷயம் அல்ல. ஆகாய விமான விஷயம்!

ஒரு தாயாரின் கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் முன்னொரு காலத்தில் விஞ்ஞானம் படித்த மாணாக்கன் ஒருவனுடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார். பையன் இப்போது அமெரிக்காவில் எஞ்சினீயர். அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை.

"சார், என் பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது போல் இருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகையிலே ஏரோப்ளேன் கட்டுகிறானாம். மூன்று வருஷமாய்க் கட்டியிருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை. இப்போது, முதல் தடவை பறக்கும்போது கூட உட்கார ஓர் ஆள் தேடுகிறேன் என்கிறான். ஆள் வேண்டும் என்றால், இவனுக்கு ஓட்டத் தெரியாது என்றுதானே அர்த்தம்? தெரியாதவன் எதற்கு ஏற வேண்டும்? தெரியும் என்றால், ஊரார் பெற்ற பிள்ளையை எதற்குக் கூட ஏற்ற வேண்டும்?" என்றார்.

தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள்கூட இவ்வளவு செம்மையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நான் விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பிவைத்தேன். அன்று இரவு பையனுடன் டெலிபோனில் பேசினேன். அப்புறம் சில வாரங்கள் புத்தகங்களைப் புரட்டினேன். நான் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், வீட்டில் விமானம் கட்டுவது பைத்தியக்காரத்தனம் அல்ல. அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. தன் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் விமானம் கட்டலாம். ஆனால் வேலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை அவரோ அவரைப் போன்ற அமெச்சூர்களோ செய்திருக்க வேண்டும். கம்பெனிகள் பாகங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்புகின்றன. துளையிட்டு, ஆணி அறைந்து, ஒன்று சேர்ப்பது கட்டுகிறவரின் பாடு. அவர்களுக்கு உதவுவதற்கென்று 1953-ல் பால் போபரஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் தொடங்கிய சங்கம் இன்று பெரிய ஆலமரமாகத் தழைத்திருக்கிறது.

சென்னையில் ஒரு ஹோட்டல்காரர்

இவையெல்லாம் வெள்ளைக்கார தேசத்து விநோதங்கள் என்று எண்ண வேண்டாம். நம் சென்னைப் பட்டணத்திலேயே 1910-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இது நடந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் போட்டார். கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியார் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்து அப்போது எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. டி ஆஞ்சலிஸ் முதலில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத் திடலில் டிக்கட் வைத்து ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனைக் கூட ஏற்றிக்கொண்டார் என்றும் சென்னையின் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தச் சிறுவனின் தைரியத்தை மெச்சுகிறேன். ஆனால் அவனுடைய தாயார் அன்று எங்கே நின்றிருந்தாள் என்பதுதான் என் மனத்தில் எழும் கேள்வி. டி ஆஞ்சலிஸுக்கு யோசனை சொல்ல, அந்த நாளில் இந்தியாவில் பறந்து பழகிய ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. தேருக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரே ஊரில் இல்லை; தேரோ ஓடியாகிவிட்டது! தெய்வாதீனமாக ஒன்றும் நேரவில்லை. தெய்வாதீனத்தை நம்பலாம், அதையே ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது உயிர்

"ஊரார் பெற்ற பிள்ளையை எதற்கு ஏற்ற வேண்டும்?" என்ற கேள்விக்கு வருவோம். விமானத்தின் ஆதிகர்த்தாக்களான ரைட் சகோதரர்களின் வீட்டிலேயே இந்தக் கேள்வி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விமானத்தில் ஏறக் கூடாது என்று அவர்களுடைய தகப்பனார் வாக்கு வாங்கியிருந்தார். 1903 டிசம்பர் 17-ந் தேதி முதன்முதல் பறந்த அந்தச் சகோதரர்கள், 1910 மே 25-ந் தேதிதான் தகப்பனாரின் அநுமதியுடன் ஒரே ஒரு முறை சேர்ந்து பறந்தார்கள். ஒருவர் போனாலும் மற்றவர் மிஞ்ச வேண்டும் என்பது அந்தக் கிழவரின் கணக்கு.

அவருடைய கணக்கு வீண் பயத்தில் பிறந்ததல்ல. 1908 செப்டம்பர் 17-ந் தேதி ஆர்வில் ரைட், தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற ராணுவ உத்தியோகஸ்தரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறந்தார். விசிறி ஒன்று விரிந்து உடைந்து, விமானம் தரையில் மோதியது. ஆர்வில் எலும்பு முறிவோடு பிழைத்தார், செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். யந்திர விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்தான். அவர் கைகளுக்கு அந்த விமானத்தில் ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவரும் அல்லர்; ஆனால் விமானத்தைக் காப்பாற்றவும் அவரால் ஆகாது.

ஆகையால், சோதனைப் பறப்பில் அவசியமான ஆளைத் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது என்று அமெரிக்காவில் நெடுங்காலம் விதி இருந்துவந்தது. வீட்டு விமானம் முதன்முதல் பறக்கும்போது விமானி தனியாகவே போக வேண்டியிருந்தது. பொதுவாக 40 மணி நேரம், அத்தாட்சி பெற்ற எஞ்சினும் விசிறியும் சேர்ந்திருந்தால் 25 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே சுற்றிச் சோதித்து முடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் மனைவி மக்களை ஏற்றலாம்.

கேட்பதற்கு மிகவும் நியாயமான விதி. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். விமானம் கட்டும் மனிதர் மூன்று வருஷம், ஐந்து வருஷம் கொட்டகையிலேயே கிடக்கிறார். ஆணி அறையும் கை பழகுகிறது. பறக்கும் கை துருப்பிடிக்கிறது. சோதித்திராத யந்திரமும் பழக்கம் விட்டுப்போன விமானியும் ஒரே நாளில், ஒரே ஆசனத்தில் சந்திக்கிறார்கள்! அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார், 2011-ஆம் வருஷத்தில் வீட்டு விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளை ஆராய்ந்து 2012-ல் அறிக்கை வெளியிட்டார்கள். எஞ்சின் சக்தி இழப்பதும், விமானி கட்டுப்பாட்டை இழப்பதுமே முக்கிய காரணங்கள் என்றும், விமானத்தின் தொடக்கக் காலத்துப் பறப்புகளில் அபாயம் அதிகம் என்றும் அதில் கண்டார்கள்.

இதையெல்லாம் யோசித்து, 2014-ல் விமான இலாகாவார் ஒரு புதிய வழி திறந்தார்கள். தகுந்த அநுபவமுள்ள இன்னொரு விமானியைச் சோதனைக் காலத்திலேயே கூட ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அது. ஆனால் சிநேகிதனையும் மைத்துனனையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம் அல்ல. இரண்டாவது உயிர் ஏறுவதால் இரண்டு உயிர்களுக்கும் அபாயம் குறைய வேண்டும். குறையாதென்றால் அவர் தரையிலேயே நிற்க வேண்டும். அந்த அம்மாளின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இது.

யானையும் குருவியும்

மறு பாதிப் பதிலை என் மாணாக்கனே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டான். அவன் முதலில் போய்க் கேட்டது, பெரிய பிரயாணி விமானங்களை ஓட்டும் நம் நாட்டுக் கேப்டன் ஒருவரை. பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நான் யானைப் பாகன், நீ கட்டியிருப்பது குருவி. அது எந்த வேகத்தில் இறக்கை சோர்ந்து விழும் என்று என் கைக்குத் தெரியாது. நான் வந்தால் உனக்கு என் மேல் நம்பிக்கை வரும், அந்த நம்பிக்கைதான் ஆபத்து" என்று சொல்லிவிட்டாராம். என்ன அருமையான மனிதர்!

இரண்டாவதாக, அவனுடைய வயதுடைய ஒரு சிநேகிதன் தானாகவே முன்வந்தான். உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஜாதி விமானத்தில் அவன் ஒரு நாள்கூடப் பறந்ததில்லை. குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் கதை.

மூன்றாவதாகக் கிடைத்தவர் அந்த விமானத் திடலிலேயே தினமும் உலாவும் ஒரு கிழவர். அதே ஜாதி விமானத்தைத் தம் கையாலேயே கட்டிப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவர். வேறு சிலருடைய விமானங்களுக்கும் வெள்ளோட்டத் துணையாகப் போயிருப்பவர். அவர் ஒப்புக்கொள்வதற்கு மூன்று நிபந்தனைகள் போட்டார்.

முதல் நிபந்தனை: "உன் விமானத்தில் ஏறுவதற்கு முன் என் விமானத்தில் என்னோடு வந்து பழகு. இறங்கவும் ஏறவும் உன் கை தானாகச் செய்யும் வரை வா."

இரண்டாம் நிபந்தனை: "ஓர் உறையில் இரண்டு கத்தி கூடாது. யார் கையில் விமானம் இருக்கிறதென்று ஒவ்வொரு கணமும் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். 'என் கையில்' என்று நான் சொன்னால், உடனே கையை எடுத்துவிட்டு, 'உங்கள் கையில்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பது தரைக்கு வந்த பிறகு."

மூன்றாம் நிபந்தனை: "இன்றைக்கு வேண்டாம் என்று நான் சொன்னால், வேண்டாம். தர்க்கம் கிடையாது."

மூன்றாம் நிபந்தனையைக் கேட்டபோது பையனுக்குச் சற்றுக் கோபம் வந்ததாம். மூன்று வருஷம் உழைத்தவன் அவன். உத்தரவு போடுகிறவர் நேற்று வந்தவர்!

துணை விமானியின் வேலை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். முதல் பறப்பில் தூரதேச யாத்திரை ஒன்றும் இல்லை. திடலுக்கு நேர் மேலே உயரம் ஏறி, எஞ்சின் நின்றாலும் மிதந்து இறங்கக்கூடிய எல்லையிலேயே வட்டமிட வேண்டும். அதற்குள் ஒரு மனிதன் கவனிக்க வேண்டியவையோ ஏராளம். எஞ்சின் சூடு ஏறுகிறதா? எண்ணெய் அழுத்தம் குறைகிறதா? வேகமானி பொய் சொல்கிறதா? ஒரு பக்கம் இழுக்கிறதா? எதிரே வேறு விமானம் வருகிறதா? கட்டியவருக்கோ ஒவ்வொரு சிறு சப்தமும் தாம் அறைந்த ஓர் ஆணியை நினைவூட்டும். அவர் கண் ஒரு மானியிலேயே பதிந்து நின்றால், மற்றவர் கண் வெளியே இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க; ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்ல. கட்டியவருக்கு யந்திரத்தின் வயிறு தெரியும். பறந்து பழகியவருக்கு அதன் குணம் தெரியும். இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்வது அபூர்வம்.

அபூர்வம் என்றேனே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பம்பாயில் அமோல் யாதவ் என்பவர் விமானம் ஓட்டுவதையே உத்தியோகமாகக் கொண்டவர். தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் அது பம்பாய்க் கண்காட்சியில் வைக்கப்பட்டது; 2017 நவம்பரில் சர்க்கார் பதிவேட்டில் ஏறியது; பறக்க அநுமதி 2019-ல்தான் கிடைத்தது. மாடியில் ஏற்றிய தளவாடத்தைவிடக் காகிதங்களின் பாரம் அவருக்கு அதிகமாக இருந்திருக்கும்! நம் நாட்டில் கை தேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

துணை இருந்தால் விபத்தே வராது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். 2009 மார்ச்சு 6-ந் தேதி, பெங்களூருக்கு அருகே நம்முடைய 'சரஸ்' விமானம் சோதனையின்போது விழுந்தது. ஆகாயத்தில் ஓர் எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை அது. தேர்ச்சி பெற்ற இரண்டு விமானிகளும், கூடச் சென்ற பொறியாளரும் உயிர் நீத்தார்கள். 1961 ஜூன் 17-ந் தேதி நம் 'மாருத்' போர் விமானத்தை முதன்முதல் பறக்கவிட்ட வீரர் சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் அதே மாருத்தின் சோதனையில்தான் மாண்டார். இன்று நாம் ஆகாயத்தில் பத்திரமாகப் போய்வருவதற்கு இப்படிப்பட்டவர்கள் கொடுத்த விலை அது.

ஆயினும் துணையைத் தேடும் வழக்கத்தைப் பெரியவர்கள் விடவில்லை. 2001 ஜனவரி 4-ந் தேதி 'தேஜஸ்' விமானம் முதன்முதல் எழும்பியபோது அதில் இருந்தது ஒரே ஆசனம். அதில் இருந்தவர் ராஜீவ் கோட்டியால். பக்கத்தில் உட்கார இடமில்லை. ஆகவே பக்கத்தில் இன்னொரு விமானமே பறந்து அதைக் கண்காணித்து வந்தது. ஒரு தேசத்தின் எஞ்சினீயர்கள் கூடிக் கட்டிய விமானத்துக்கே துணை வேண்டியிருந்தது என்றால், கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கட்டிய விமானத்துக்கு வேண்டாமா?

அந்த நாள்

பையனின் வெள்ளோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டது. அந்த அம்மாள் இங்கே விடியற்காலையில் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியான்னம் நானும் போய் உட்கார்ந்தேன். இரவாயிற்று. ஒரு சேதியும் இல்லை. அந்த அம்மாள் என்னோடு பேசவே இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு பத்து மணிக்கு மணி அடித்தது. "பறக்கவில்லை, அம்மா" என்றான் பையன். குரலில் அழுகையும் கோபமும் இருந்தன.

நடந்தது இதுதான். கிழவர் காலையில் வந்ததும், விமானத்தின் மூக்கை உயர்த்தி, ஏறும்போது இருக்கும் சாய்வில் நிறுத்தி, பெட்ரோல் எவ்வளவு வேகமாக வருகிறதென்று அளந்து பார்க்கச் சொன்னார். முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் அளவைப் போல் ஒன்றேகால் பங்கு வர வேண்டும் என்பது கணக்கு. பையன், "முன்பே அளந்தாயிற்று" என்றான். "எனக்காக மறுபடி அள" என்றார் அவர். வலப்புறத் தொட்டியிலிருந்து சரியாக வந்தது. இடப்புறத் தொட்டியிலிருந்து வரவில்லை. கிழவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தம் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் பையன் பிரித்துப் பார்த்தான். தொட்டியின் மூட்டுகளை அடைக்க அவனே பூசியிருந்த பசையில் ஒரு துணுக்கு உரிந்து வந்து, வடிகட்டியில் சிக்கிக்கொண்டிருந்தது. சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கும். தரையில் அது ஒரு குப்பை. முந்நூறு அடி உயரத்தில், ஏறிக்கொண்டிருக்கும்போது, அது வேறு விஷயம்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, தொட்டிகளைச் சுத்தம் செய்து, மறுபடி அளந்து, இருவரும் சேர்ந்து ஏறினார்கள். அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்தார்கள். "கிழவர் என்ன செய்தார்?" என்று கேட்டேன். "ஒன்றுமே செய்யவில்லை, ஐயா. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை, 'வேகத்தைப் பார்' என்று சொன்னார். அவ்வளவுதான்" என்றான்.

அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். 2014-ஆம் வருஷத்து விதி, ரைட் சகோதரர்களின் தகப்பனார், டி ஆஞ்சலிஸ் ஏற்றிக்கொண்ட சிறுவன் ஆகிய எல்லாவற்றையும்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஊரில் அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பது வழக்கம். இவரும் பல வருஷங்கள் இழுத்தவர்.

"நாங்கள் இழுக்கும்போதும் சக்கரத்தண்டை ஆள் இருப்பார்கள், சார். இழுக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. அவர்கள் கை காட்டினால் நின்றுவிடுவோம், ஏன் என்று கேட்க மாட்டோம்" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தப் பெரியவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இவனைக் கேட்கச் சொல்லுங்கள். தீபத்துக்கு நான் அவர் பேரையும் சொல்லி அர்ச்சனை செய்ய வேண்டும்" என்றார்.

பையனிடம் கேட்டேன். மூன்று வருஷம் விமானம் கட்டியவனுக்கு அதை மட்டும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லையாம். கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறான்.